கூச்சம் தின்ற ஆறு மாதம்

(கல்லூரி மாணவர்களிடையே அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் என் உரைக்கு 'இளைஞர் நலம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் எழுதி அனுப்பிய தலைப்பு வேறு. 'விதையில் வரும் புற்றுநோய்' என்று அனுப்பியிருந்தேன். தமிழ்த்துறைப் பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, வேளாண்மைத் துறைக் கூட்டம் என்று நினைத்துவிடுவார்கள்" என்றார். நல்ல மனிதர். சொல்ல வந்தது அதுவல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே தலைப்பு மாறிவிட்டது. பேச்சு மாறப்போவதில்லை.

இன்னொருவர் வந்து, இடப்பக்கம் அமர்ந்திருக்கும் தங்கைகளை வெளியே அனுப்பிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணன் தம்பி உள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாளைக்கு ஆண் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவர்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். இந்த நோயின் கதை பல நேரங்களில் அந்தக் குளியலிலேயே தொடங்கிவிடுகிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்களைச் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன்.

2011, மார்ச் 20. உலகக் கோப்பை. எதிரணி வெஸ்ட் இண்டீஸ். உங்களில் பலர் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். அன்று யுவராஜ் சிங் 113 ரன் எடுத்தார். நடுவே ஆடுகளத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தார். சென்னை வெயில், பாவம் பஞ்சாப்காரர் என்று நாமெல்லாம் பேசிக்கொண்டோம். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மட்டையைப் பிடித்தார், பந்தும் வீசி இரண்டு விக்கெட் எடுத்தார். அந்தத் தொடர் முடியும்போது 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. நாடே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது.

அந்த நாட்களிலேயே அவருக்கு இருமல் இருந்தது, மூச்சு வாங்கியது. உலகக் கோப்பைக்குப் பிறகுதான் காரணம் தெரிந்தது. மார்புக்கூட்டின் நடுவே, இரண்டு நுரையீரல்களுக்கும் இடையே ஒரு கட்டி. அந்தக் கட்டியின் பெயர் செமினோமா. விந்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. விதையில் வளர வேண்டிய கட்டி, மார்பில் வளர்ந்திருந்தது.

விதையில் வரும் கட்டிக்கு மார்பில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் இந்த நோயில் பாதி விளங்கிவிடும்.

தாயின் வயிற்றில் சில வாரக் கருவாக நீங்கள் இருந்தபோது, பிற்காலத்தில் விந்தணுவாக ஆகப்போகிற மூல அணுக்கள் உங்கள் உடம்புக்குள்ளேயே இல்லை. கருவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் சிறு பையில் இருந்தன. அங்கிருந்து ஊர்ந்து, உடம்பின் நடுக்கோட்டு வழியாக, முதுகெலும்போரம் தமக்கான இடம் தேடி வந்து சேர்ந்தன. திருவிழாக் கூட்டத்தில் சில பிள்ளைகள் வழி தவறுவதுபோல இவற்றிலும் சில வழி தவறும். மார்பில் தங்கியவை உண்டு, மூளையின் நடுவே தங்கியவையும் உண்டு. பெரும்பாலும் அவை சத்தமில்லாமல் மடிந்துபோகும். எப்போதாவது ஒன்று பிழைத்து, பிற்காலத்தில் புற்றாக எழும். யுவராஜுக்கு நேர்ந்தது இதுதான் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

சரி, வழி தவறாத அணுக்கள் என்ன ஆயின? விதை உருவாகும் இடம் எது என்று நினைக்கிறீர்கள்? இப்போது இருக்கும் பையிலா? இல்லை. சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், வயிற்றுக்குள்ளே, முதுகையொட்டி. அங்கிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தொடையிடுக்கு வழியாக, பிரசவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால்தான் பைக்குள் வந்து சேரும். கிராமத்தை விட்டுச் சென்னைக்கு வந்தவன் ஊரில் வேரை வைத்திருப்பதுபோல, ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இன்னும் மேலேதான் வேர் கொண்டிருக்கின்றன. அதனால்தான் விதையில் புற்று வந்து பரவினால் முதலில் போய்ச் சேரும் இடம் தொடையிடுக்கு அல்ல. வயிற்றின் பின்புறம், முதுகெலும்பை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள். கீழே ஒரு சிறு கட்டி, மேலே இடுப்பு வலி. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

தம்பிகளே, எனக்கே தோன்றாமல் போயிருக்கக்கூடிய ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன்.

நாகப்பட்டினம் பக்கத்துப் பையன். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். வயது 24. ஒரு தை மாதம் என்னிடம் வந்தான். இடுப்பு வலி, படுத்தால் தூக்கமில்லை. வலி மாத்திரை, தைலம், ஒத்தடம் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தேன், உள்ளே கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வேட்டியை அவிழ்க்கச் சொன்னேன். தயங்கினான். "அங்க ஏற்கெனவே ஓதத்துக்கு ஆபரேஷன் பண்ணியாச்சு சார்" என்றான். எங்கே என்று கேட்டேன். சொன்னான், அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். பையிலேயே கீறித் தண்ணீர் எடுத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே இருந்த விதையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதற்கு முன்னால் ஸ்கேனும் இல்லை.

"வீக்கத்தை முதல்ல எப்பப்பா பார்த்த?"

"ஆடியில சார்."

"யார்கிட்ட சொன்ன?"

தலையைக் குனிந்துகொண்டான்.

ஆடிக்கும் தைக்கும் நடுவே ஆறு மாதம். புற்று அந்த ஆறு மாதத்தைக் கூச்சத்திடமிருந்து இலவசமாக வாங்கிக்கொண்டது. அந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பேசத்தான் நான் இன்று வந்திருக்கிறேன்.

இந்த நோய் நம் நாட்டில் அரிது. லட்சம் ஆண்களுக்கு ஆண்டுக்கு ஒருவர்கூட இல்லை. நார்வேயிலும் டென்மார்க்கிலும் லட்சத்துக்குப் பத்துப் பேர் அளவில் வருகிறது. உலகம் முழுவதும் 2020-இல் சுமார் 74 ஆயிரம் பேருக்கு வந்தது. புகையிலைப் புற்றுநோயோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அப்படியானால் உங்களிடம் எதற்கு இந்தப் பேச்சு? மற்ற புற்றுநோய்கள் தாத்தாக்களைத் தேடிப் போகின்றன. இது பேரன்களைத் தேடி வருகிறது. பதினைந்து வயதுக்கும் நாற்பது வயதுக்கும் நடுவில்தான் இதன் கண்.

ஏன் இந்த வயது? டென்மார்க்கில் நீல்ஸ் ஸ்காகபெக் என்ற மருத்துவர், குழந்தை இல்லை என்று வந்த ஆண்களின் விதையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். 1972-இல் ஒரு செய்தி வெளியிட்டார். விந்தணு உருவாகும் குழாய்களின் ஓரத்தில் சில விசித்திர அணுக்கள் இருந்தன. இருந்தவர்களுக்குப் பிறகு புற்று வந்தது. அந்த அணுக்கள் எப்படி இருந்தன தெரியுமா? கருவில் இருக்கும் மூல அணுக்களைப் போலவே. கூடப் பிறந்ததெல்லாம் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டது, இவை மட்டும் தொட்டில் பிள்ளையாகவே உறங்கிக் கிடந்தன. மீசை அரும்பும் வயதில் உடம்பில் ஹார்மோன் வெள்ளம் பாய்கிறது அல்லவா? அந்த வெள்ளத்தில் அவை விழித்துக்கொள்கின்றன. இப்படித்தான் இன்று நாம் புரிந்துவைத்திருக்கிறோம். நோய் இருபதில் தெரிகிறது. விதைத்தது கருவறையில்.

அதற்கு இன்னொரு சாட்சி. டென்மார்க்குக்குக் குடியேறிய வெளிநாட்டு ஆண்களுக்கு இந்த நோய் குறைவாகவே வந்தது. அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கோ உள்ளூர்க்காரர்களுக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. அதேபோல, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்த நாட்டில் பிறந்த ஆண்களுக்கு, முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிட இந்த நோய் குறைவு. போர்க்காலத்துத் தாயின் வாழ்வில் என்ன மாறியிருந்தது? உணவா, புகையா, வேறெதுவுமா? அதற்கு இன்னும் முடிவான விடை கிடைக்கவில்லை. ஆனால் காரணம் கருவறைக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று அந்தக் கணக்குகள் கைகாட்டுகின்றன.

தங்கைகளே, இப்போது அந்தக் குளியலுக்கு வருகிறேன். நிறைமாதத்தில் பிறக்கும் நூறு ஆண் குழந்தைகளில் மூன்று பேருக்குப் பிறக்கும்போது ஒரு விதையாவது பைக்குள் இறங்கியிருக்காது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் தானாக இறங்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒன்றரை வயதுக்குள் சிறிய அறுவை செய்து கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். இறங்காத விதையில் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. சுவீடனில் இப்படி அறுவை செய்துகொண்ட சுமார் 17 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் அறுவை செய்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குப் பின் செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். நம் ஊரில் பாட்டி என்ன சொல்வார்? "ஆம்பளப் புள்ள, வளர்ந்தா எல்லாம் சரியாப்போகும்." வளர்ந்து, கல்யாணம் நிச்சயமாகி, அப்போது ஒரு பக்கம் காலி என்று கண்டுபிடித்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குளிப்பாட்டும் கை ஒரு நிமிஷம் தொட்டுப் பார்த்தால் போதும். அம்மாவுக்கு எதற்குக் கூச்சம்?

அண்ணனுக்கு வந்திருந்தால் தம்பிக்கும், அப்பாவுக்கு வந்திருந்தால் மகனுக்கும் வாய்ப்புக் கூடுதல். ஒரு பக்கம் வந்தவருக்கு மறுபக்கம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்ற அளவில். காரணப் பட்டியல் இவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் காரணங்களில் ஒன்றுமே இருக்காது, நோய் மட்டும் இருக்கும்.

காரணம் இல்லாததைக் காரணமாக்குவதில்தான் நம் ஊர் கெட்டிக்கார ஊர். கிரிக்கெட் பந்து பட்டால் புற்று வராது. பந்து பட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கும்போது, முன்பே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படும். பழி பந்துக்குப் போய்விடும். பைக் ஓட்டினால் வராது. இறுக்கமான ஜீன்ஸ் போட்டால் வராது. கைப்பழக்கத்தால் வராது. வராது என்று மூன்று தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். பேருந்து நிலையச் சுவரில் 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று கூப்பிட்டு, மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்று போஸ்டர் ஒட்டுகிறார்களே, அந்த வியாபாரம் முழுக்க உங்கள் குற்ற உணர்ச்சியில்தான் நடக்கிறது. அங்கே போய் லேகியம் வாங்கித் தின்று மூன்று மாதத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? நாள் தவறாமல் சோதித்துப் பயந்துகொண்டே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் உடம்பு உங்களுக்கு அறிமுகமாக இருந்தால் போதும். வெந்நீரில் குளித்த பிறகு பை தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே ஒவ்வொன்றாக மெல்ல உருட்டிப் பாருங்கள். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், இடது பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கலாம், அது இயல்பு. பின்புறம் மெத்தென்று கயிறுபோல ஒன்று தட்டுப்படும், அதுவும் உங்களுடையதுதான், பயப்படாதீர்கள். விதையின் மேலேயே கெட்டியாக, பட்டாணி அளவோ பெரிதோ, வலியில்லாமல் ஒன்று தட்டுப்பட்டால், அல்லது ஒரு பக்கம் கனத்துப் பெரிதானால், அது புதிது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். வலிக்காததுதான் இதன் சூழ்ச்சி. திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அது வேறு விவகாரம். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நடுராத்திரியானாலும் சரி.

வீக்கமெல்லாம் புற்றா? இல்லவே இல்லை. நீர் கோத்த ஓதமாக இருக்கலாம், நரம்புச் சுருளாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம். ஓதமா கட்டியா என்று பார்க்கப் பழைய மருத்துவர்கள் இருட்டறையில் டார்ச் அடிப்பார்கள். நீர் என்றால் வெளிச்சம் ஊடுருவிச் செக்கச்செவேல் என்று தெரியும், கட்டி என்றால் இருட்டு. ஆனால் புற்றைச் சுற்றியும் நீர் கோக்கும். என் நாகப்பட்டினத்துப் பையனுக்கு நடந்தது அதுதான். இன்று டார்ச்சை நம்ப வேண்டியதில்லை. ஒரு ஸ்கேன் போதும். வலி இல்லை, ஊசி இல்லை, கால் மணி நேரம்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. இந்தக் கட்டிகள் சில சுரப்புகளை ரத்தத்தில் கொட்டும். அதில் ஒன்று, கர்ப்பிணியின் உடம்பில் சுரப்பது. கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை விற்கிறார்களே, அதில் ஓர் ஆண் சோதித்து இரண்டு கோடு விழுந்தால் சிரிப்பதற்கு இல்லை, மருத்துவரிடம் போவதற்கு. அதற்காக அட்டையில் ஒற்றைக் கோடு வந்தால் நிம்மதி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாக் கட்டியும் சுரப்பதில்லை.

மற்ற கட்டிகளில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்ப்போம். இங்கே பையில் ஊசி குத்தக் கூடாது, பையைக் கீறவும் கூடாது. தொடையிடுக்கில் கீறி, விதையை அதன் கொடியோடு மேலே இழுத்து எடுக்க வேண்டும். கீழே கீறினால் புற்றுக்குப் புது வழி திறந்துவிட்டதாகும். தவறான கீறலோடு வந்த அந்தப் பையனின் வயிற்றில் கட்டி, நுரையீரலில் புள்ளிகள். ஐம்பது ஆண்டுக்கு முன் அவன் வந்திருந்தால் நான் அவனுடைய அம்மாவைத்தான் உள்ளே கூப்பிட்டிருப்பேன். அப்போது, பரவிய நிலையில் வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பத்துப் பேர்தான் பிழைத்தார்கள்.

ஐம்பது ஆண்டில் என்ன மாறியது? அதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். எனக்குப் பிடித்த கதை இது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்று ஓர் ஆய்வாளர். உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே தெரியும் கோலம், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் போடும் கோலம்போல இருக்கிறதே, அப்படியானால் மின்சாரம் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று யோசித்தார். புற்றுநோய் அவர் நினைப்பிலேயே இல்லை. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாவை ஒரு குடுவையில் வளர்த்து, பிளாட்டினம் தகடுகள் வழியாக மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியா சாகவில்லை. ஆனால் இரண்டாகப் பிரிவது நின்றுபோய், புடலங்காய்போல நீண்டுகொண்டே போயின. சாதாரண நீளத்தைப்போல முந்நூறு மடங்கு வரை. ஆகா, மின்சாரத்தின் மகிமை என்று முடித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. தோண்டித் துருவிப் பார்த்தார். மின்சாரத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை. தகட்டிலிருந்து கொஞ்சம் பிளாட்டினம் கரைந்து, குடுவையில் இருந்த உப்போடு சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாக மாறியிருந்தது. 1965-இல் இதை வெளியிட்டார். அந்தக் கூட்டுப்பொருளை இத்தாலியின் மிகேலே பெய்ரோனே என்ற வேதியியலாளர் 1845-லேயே செய்து வைத்திருந்தார். நூற்றிருபது ஆண்டுகள் அது மருந்தாக யாருக்கும் பயன்படாமல் சீசாவில் கிடந்தது. இன்று அதன் பெயர் சிஸ்பிளாட்டின்.

பிரியாமல் நிறுத்தும் மருந்து என்றால், ஓயாமல் பிரிவதையே தொழிலாகக் கொண்ட புற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே? எலிக்குக் கொடுத்தார்கள், கட்டி கரைந்தது. மனிதருக்குக் கொடுத்தார்கள், சிறுநீரகம் பழுதானது, குடல் வெளியே வந்துவிடுவது போன்ற வாந்தி. இந்த மருந்தே வேண்டாம் என்று ஒதுக்கும் நிலை. பிறகுதான், மருந்துக்கு முன்னும் பின்னும் ஏராளமாக உப்புநீர் ஏற்றினால் சிறுநீரகம் தப்பும் என்று கண்டார்கள்.

1974. இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர். அவர் முன்னே ஜான் கிளீலண்ட் என்ற கல்லூரி மாணவர், விதையில் தொடங்கி நுரையீரலுக்குப் பரவிய புற்று. இருந்த மருந்துகளெல்லாம் தோற்றுவிட்டன. ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினோடு இன்னும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். ஒன்று பிளியோமைசின். இன்னொன்று வின்பிளாஸ்டின். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணி! சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கி வைத்த பூ. நம் தென்மாவட்டக் கரிசலில் மானாவாரியாக விளைவித்து மருந்துக்கு அனுப்புகிறார்கள். உடனே நாளைக்குக் காலையில் அதன் இலையைக் கஷாயம் போட்டுக் குடித்துவிடாதீர்கள், அது விஷம்.

கிளீலண்டின் நுரையீரல் எக்ஸ்ரேயில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் சில வாரங்களில் மறைந்தன. மறைந்தவை திரும்பவில்லை. அவர் பள்ளியில் உயிரியல் ஆசிரியரானார், மராத்தான் ஓடினார். 1977-இல் ஐன்ஹார்ன் தம் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். பரவிய நோயோடு வந்த 47 பேரில் 35 பேருக்கு நோய் தடமில்லாமல் மறைந்திருந்தது. படித்த மருத்துவர்கள் அச்சுப்பிழையோ என்று மறுபடி பார்த்திருப்பார்கள். திடக் கட்டி ஒன்று பரவிய பிறகும் மருந்தால் குணமாகும் என்பதை உலகம் அன்று பார்த்தது.

பின்னாளில் வின்பிளாஸ்டினின் இடத்துக்கு எட்டோபோசைடு வந்தது. பக்கவிளைவு குறைந்தது. மூன்று மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. நோய் குறைவாகப் பரவியிருந்தால் மூன்று சுற்று, அதிகமென்றால் நான்கு. 1996-இல் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அதே இண்டியானாவுக்குப் போனார். வயது 25. வீக்கத்தைச் சைக்கிள் ஓட்டியதால் வந்தது என்று நினைத்துத் தள்ளிப்போட்டவர், இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் மருத்துவரைப் பார்த்தார். அதற்குள் நுரையீரலுக்கும் மூளைக்கும் போயிருந்தது. அவரும் பிழைத்தார். ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012-இல், சைக்கிள் பந்தயத்தில் அவர் வென்றிருந்த ஏழு பட்டங்களையும் பறித்தார்கள். பறிக்க வேண்டியதுதான். நோயைத் தள்ளிப்போட்ட விஷயத்தில் மட்டும் அவர் நாகப்பட்டினத்துப் பையனுக்கு அண்ணன்.

யுவராஜ் போய்ச் சேர்ந்ததும் அதே ஊர், அதே ஐன்ஹார்ன். 2012 தொடக்கத்தில்.

அமெரிக்கா போக வேண்டுமா என்று கவலைப்படாதீர்கள். இந்த மூன்று மருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, காப்புரிமை என்றோ காலாவதியானவை, நம் நாட்டிலேயே தயாராகின்றன. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கிடைக்கின்றன, காஞ்சிபுரத்து அரசு புற்றுநோய் மருத்துவமனையில் கிடைக்கின்றன, வேலூரிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் கிடைக்கின்றன. விதைக்குள்ளேயே நோய் இருக்கும்போது வந்துவிட்டால், பலருக்கு அந்த ஓர் அறுவையோடு சரி. பிறகு மருந்துகூட வேண்டாம், ஒழுங்காக வந்து ஸ்கேனும் ரத்தமும் பார்த்துக்கொண்டால் போதும். அப்படி வருகிறவர்களில் நூற்றுக்கு 99 பேர் பிழைக்கிறார்கள். பரவிய பிறகு வந்தாலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே எத்தனை வாந்தி, எத்தனை முடி, எத்தனை கடன்!

ஒரு விதை போனால் ஆண்மை போய்விடுமா? போகாது. மற்றொன்று நன்றாக இருந்தால் தாடி, குரல், ஆசை, பிள்ளை எல்லாவற்றுக்கும் அது போதும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவரை யாராவது அரை மனிதர் என்கிறோமா?

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பையனுக்கு நான்கு சுற்று மருந்து போனது. வயிற்றில் மிஞ்சிய கட்டியை நீண்ட அறுவை செய்து எடுத்தோம். பிழைத்தான். இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது கடை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "மெல்லிசான ரிங்டோன் காதுல விழமாட்டேங்குது சார், பக்கத்துல ஒரு பையன வச்சிருக்கேன்" என்றான். சிஸ்பிளாட்டின் காதில் வாங்கிக்கொண்ட கூலி அது. பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பரிசோதித்ததில் விந்தணு இல்லை.

மருந்து ஏற்றுவதற்கு முன்னால் விந்துவை எடுத்து உறையவைத்துச் சேமிக்கலாம். நூற்றில் பலருக்கு மருந்து முடிந்து ஓரிரு ஆண்டில் விந்தணு திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது. யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு பஞ்சமானாலும் உழவன் வீட்டில் விதைநெல் கோட்டையைத் தொடமாட்டார்கள் அல்லவா? அதுபோல ஒரு கோட்டை கட்டி வைத்திருக்க வேண்டும். நான் அவனிடம் சொல்லவில்லை. அவசரம் என்று காரணம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், 24 வயதுப் பையனிடம் அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் கத்தி பிடித்த எனக்கு வாய் வரவில்லை. "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு, இந்த நோயோடு வரும் எந்தப் பையனிடமும் முதல் நாளே, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சைத்தான் முதலில் எடுக்கிறேன்.

மறுபடி சேப்பாக்கம். 2012, செப்டம்பர் 11. நியூசிலாந்தோடு இருபது ஓவர் ஆட்டம். மருந்தில் கொட்டிய முடி அரைகுறையாக முளைத்த தலையோடு யுவராஜ் மீண்டும் இந்தியாவுக்காக இறங்கிய முதல் ஆட்டம். வாந்தி எடுத்த அதே மைதானம். அரங்கமே எழுந்து நின்றது. 34 ரன் எடுத்தார். இந்தியா ஒரே ஒரு ரன்னில் தோற்றது. தோற்ற ஆட்டத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டுச் சென்னைக்காரர்கள் வீட்டுக்குப் போனது அன்றைக்கு மட்டும்தான் இருக்கும்.

நேரமாகிவிட்டது என்று முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கதவோரம் இருக்கும் பெட்டியில் போடுங்கள், பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மேடை ஏறுவதற்கு முன்பே ஒரு சீட்டு விழுந்திருந்தது. படிக்கிறேன். 'என் நண்பனுக்கு இரண்டு மாதமாக ஒரு பக்கம் மட்டும் கனமாக இருக்கிறது. வலி இல்லை. விட்டுவிடலாமா என்று கேட்கச் சொன்னான்.'

அந்த நண்பன் இங்கேதான் எங்கோ உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கிறேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். தம்பி, ஓதமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நாளைக் காலை அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில், அறுவை மருத்துவர் அறைக்குப் போய், "விதையில் வீக்கம், ஸ்கேன் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல். என் பேருந்து இரவு எட்டரைக்குத்தான். அதுவரை வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.